பேசிட்ராசினை எடுத்த இடத்தில் எந்தப் பை? கறிக்கோழித் தீவனச் சேர்க்கைகள், ஒரு மதிப்பீடு

பல்லடம், உடுமலை வட்டாரத்தில் எந்தத் தீவன மில்லின் பிரிமிக்ஸ் (முன்கலவை) அறைக்குப் போனாலும் ‘ஏஜிபி மாற்று’ (வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடும் ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று) என்று அச்சிட்ட பைகள் நாலைந்தாவது அடுக்கி இருக்கும். ஒன்று ஆசிட், ஒன்று பியூட்டிரேட், ஒன்று பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா, ஒன்று ஈஸ்ட் சுவர், இன்னொன்று மூலிகை எண்ணெய். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதது. பையின் மேல் எழுதியிருப்பது மட்டும் ஒன்றேதான்: எடை கூடும், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம்) குறையும், எச்சம் கட்டியாகும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘எது நல்லது’ என்பதல்ல. ‘இதுவரை போட்ட எந்த ஆன்டிபயாட்டிக்கை எடுக்கிறோம்’ என்பதே. பிஎம்டி என்று சொல்லும் பேசிட்ராசின், என்ராமைசின், விர்ஜினியாமைசின் எல்லாம் ‘கிராம் பாசிட்டிவ்’ (கிராம் என்ற சாயச் சோதனையில் சாயம் பிடிக்கும் வகை) கிருமிகளை அடக்குபவை. குடலின் நடுப்பகுதியில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் பெருகி நெக்ரோடிக் என்டரைட்டிஸ் என்ற குடல் அழுகல் நோய் வராமல் காத்தது இவைதான். கொலிஸ்டின் இதற்கு நேரெதிர்: ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் (அந்தச் சாயம் பிடிக்காத) கிருமிகளுக்கானது. அதை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டுவிட்டது. கொலிஸ்டின் போன இடத்துக்கு ஆசிட் பொருந்தும். அதே ஆசிட்டை பேசிட்ராசின் இடத்தில் போட்டுவிட்டு 22-ஆம் நாள் எச்சம் நீர்த்துப் போகிறது என்று புலம்பினால், ஆசிட் மேல் தப்பில்லை.

டென்மார்க்கின் கதை இங்கே உதவும். 1995-இல் அவோபார்சினைத் தடை செய்தார்கள். 1998 பிப்ரவரியில் கறிக்கோழிப் பண்ணையாளர்கள் தாங்களாகவே எல்லா வளர்ச்சி ஊக்கிகளையும் நிறுத்தினார்கள். எஃப்சிஆர் மோசமானது ஏறக்குறைய 0.016 மட்டுமே. இந்த எண்ணை விற்பனைப் பிரதிநிதிகள் ஆசையோடு சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அங்கே சாலினோமைசின் போன்ற அயனோஃபோர் வகைக் காக்சி மருந்துகள் (காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கானவை) தீவனத்தில் தொடர்ந்தன என்பதை. அயனோஃபோர் காக்சிடியாவோடு கிளாஸ்ட்ரிடியத்தையும் கொஞ்சம் அடக்கும். ஆகவே பேசிட்ராசினையும் சாலினோமைசினையும் ஒரே பேட்சில் எடுப்பது, இரண்டு தூணையும் ஒன்றாக உருவுவது போல. 12 சதவீத சாலினோமைசின் டன்னுக்கு 500 கிராம், அதாவது 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), அப்படியே இருக்கட்டும். முதலில் ஏஜிபியை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘ஆன்டிபயாட்டிக்கே இல்லாத கோழி’ என்று அமெரிக்க முறையில் விற்க நினைப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அந்தக் கணக்கில் அயனோஃபோரும் ஆன்டிபயாட்டிக்தான்.

இனி ஒவ்வொரு பையாகப் பிரிப்போம்.

ஆசிட் பவுடர்கள்தான் அதிகம் விற்பவை, அதிகம் ஏமாற்றம் தருபவையும் அவையே. கால்சியம் ஃபார்மேட், கால்சியம் புரோப்பியோனேட் கலந்த பவுடர், டன்னுக்கு 500 கிராம் என்பது வழக்கமான சிபாரிசு. கணக்குப் போடுங்கள். அதில் 60 சதவீதம் ஆசிட் என்றால் டன்னுக்கு 300 கிராம். அதே டன் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் 10 கிலோவுக்குக் குறையாமல் இருக்கிறது. 300 கிராம் ஃபார்மிக் ஆசிட்டைச் செல்லாக்காசாக்க 330 கிராம் சுண்ணாம்பு போதும். தீவனத்தின் பிஹெச் இந்த அளவுக்கு அசையவே அசையாது. தீவனத்தில் ஆசிட் வேலை செய்ய வேண்டுமென்றால் டன்னுக்கு 2 முதல் 3 கிலோ போக வேண்டும். பூஞ்சணத்தைத் தடுக்கப் புரோப்பியோனிக் 1 கிலோவிலேயே பயன் தரும், மழைக்கால மக்காச்சோளத்துக்கு அது நியாயமான செலவு. அதை ஏஜிபி மாற்று என்று அழைப்பதுதான் தப்பு.

இன்னொரு தடையும் உண்டு. ஆசிட் கிருமிக்குள் நுழைவது அயனாகப் பிரியாத வடிவில்தான். ஃபார்மிக் ஆசிட் பிஹெச் 3.75-இல் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் இருக்கும். சிறுகுடலின் பிஹெச் 6-இல் பிரியாமல் மிஞ்சுவது ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு. எனவே ஃபார்மிக்கின் ராஜ்ஜியம் தொண்டைப்பை, இரைப்பை வரைதான். அங்கே அது ஈ.கோலையையும் சால்மோனெல்லாவையும் நன்றாகவே குறைக்கும். கிளாஸ்ட்ரிடியம் குடியிருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர்வதே இல்லை.

ஆசிட்டுக்குச் சரியான வழி தண்ணீர். அதுவும் எவ்வளவு என்பதைப் பாட்டில் லேபிள் சொல்லாது, உங்கள் போர் தண்ணீர்தான் சொல்லும். ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, சிரிஞ்சில் 0.1 மில்லியாக ஆசிட் விட்டு, ஒவ்வொரு முறையும் கலக்கி பிஹெச் பாருங்கள். 4 வரும்போது எத்தனை மில்லி போயிருக்கிறதோ அத்தனை லிட்டர், 1000 லிட்டர் தொட்டிக்கு. காரத்தன்மை அதிகமான போர் தண்ணீரில் 1 மில்லிக்கு மேல் இழுக்கும். அப்போது செலவு கட்டாது. நாள் முழுவதும் கொடுப்பதை விட்டுவிட்டு முதல் 7 நாள், தீவனம் மாறும் நாட்கள், விற்பனைக்குக் கோழி தூக்குவதற்கு முந்தைய 3 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். பிஹெச் 3.8-க்குக் கீழே போனால் கோழி தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும், தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பைப்பில். பல பேட்சாகக் கழுவாத லைனில் திடீரென்று ஆசிட் விட்டால், உள்ளே ஒட்டியிருந்த வழவழப்பு உரிந்து வந்து நிப்பிளை அடைக்கும். மறுநாள் காலை கடைசி வரிசைக் கோழிகள் தண்ணீர் இல்லாமல் நிற்கும், பழி ஆசிட்டின் தலையில் விழும். ஷெட் காலியாக இருக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு லைனைக் கழுவிய பிறகே தொடங்க வேண்டும். தண்ணீரில் கொடுக்கும் தடுப்பூசிக்கு 24 மணி நேரம் முன்பே ஆசிட்டையும் குளோரினையும் நிறுத்த வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை விடவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கையுறை, கண்ணாடி இல்லாமல் 85 சதவீத ஃபார்மிக்கைத் தொடவே கூடாது.

பியூட்டிரிக் ஆசிட்டிலிருந்து வரும் பியூட்டிரேட் வேறு சாதி. குடல் செல்களுக்கு அது நேரடி உணவு. பேசிட்ராசினை எடுத்தபின் குடல் சுவர் தேறுவதற்கு இதைப் போல இன்னொன்று சொல்ல முடியவில்லை. ஆனால் பூச்சு இல்லாத சோடியம் பியூட்டிரேட் தொண்டைப்பையிலும் இரைப்பையிலுமே உறிஞ்சப்பட்டுவிடும். கொழுப்புப் பூச்சு உள்ளதோ கிளிசரைட் வடிவமோதான் கீழே இறங்கும். பூச்சு இருக்கிறதா என்று பார்க்க லேபே வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். உடனே கரைந்து, கெட்டுப்போன வெண்ணெய் வாடை குப்பென்று வந்தால் பூச்சு இல்லை. மிதந்துகொண்டோ அடியில் அப்படியேயோ கிடந்தால் பூச்சு உண்டு.

விலையை ஒப்பிடும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘சோடியம் பியூட்டிரேட் 30 சதவீதம்’ என்றால் பியூட்டிரிக் ஆசிட் 24 சதவீதம்தான், சோடியம் போக மிச்சம் 80 சதவீதம் என்பதால். டிரைபியூட்டிரின் எடையில் 87 சதவீதம் பியூட்டிரிக் ஆசிட்டாக வெளிவரும். சிலிக்காவில் ஏற்றிய 60 சதவீத டிரைபியூட்டிரின் என்றால் 52 சதவீதம். பையின் விலையை இந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால், கிலோவுக்கு அதிகம் சொல்லும் பையே மலிவாக முடிவதுண்டு. பூச்சுப் பியூட்டிரேட் டன்னுக்கு 500 கிராம், ஸ்டார்டரில் (குஞ்சுப் பருவத் தீவனம்) கட்டாயம், பினிஷரில் (கடைசிக் கட்டத் தீவனம்) பாதி. வாடையைப் பற்றி மிக்சர் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். கிளிசரைட் வகையில் அந்தத் தொந்தரவு குறைவு.

இதே குடும்பத்தில் மோனோலாரின் என்றொன்று விற்கிறது. கிராம் பாசிட்டிவ் கிருமிகள் மேல் அதற்குப் பிடி உண்டு, பிஹெச் எதுவானாலும் வேலை செய்யும். ‘நம்ம ஊர் தேங்காய் எண்ணெயில்தான் லாரிக் பாதிக்குப் பாதி இருக்கிறதே, அதையே ஊற்றினால் என்ன’ என்று கேட்கிறவர்கள் உண்டு. எண்ணெயில் லாரிக் மூன்று மூன்றாகக் கிளிசராலோடு கட்டுண்டு இருக்கிறது. அது செரித்து உடம்பில் ஏறும் எரிசக்தி, கிருமியை மோதும் மோனோலாரின் அல்ல. எண்ணெய்க் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக் கணக்கில் வேண்டாம்.

பேசில்லஸ்தான் இந்தப் பட்டியலில் காசுக்கு மதிப்பு தருவது. பேசிட்ராசினுக்குப் பதில் ஒரே ஒரு பைதான் வாங்க முடியும் என்றால், அது இதுவாகட்டும். கிளாஸ்ட்ரிடியத்தோடு நேரடியாக மல்லுக்கட்டும் பேசில்லஸ் சப்டிலிஸ் இனங்கள் உண்டு, கெமின் நிறுவனத்தின் குளோஸ்டாட் என்ற பொருளில் உள்ள பிபி6 அப்படிப்பட்ட ஒன்று. வித்து வடிவில் இருப்பதால், தீவனத்தைக் குச்சியாக அழுத்தும் பெல்லட் மில்லின் 80, 85 டிகிரி நீராவியைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் வகைகள் அந்தச் சூட்டில் பிழைக்காது. அவற்றைப் பெல்லட் தீவனத்தில் கலந்து விற்பது, வெந்த விதையை விதைப்பது போல. குஞ்சு இறங்கிய முதல் 3 நாள் தண்ணீரில் கொடுக்கலாம், அதுவும் குளோரின் இல்லாத தண்ணீரில்.

பையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இனத்தின் பெயரோடு அதன் எண்ணும் இருக்க வேண்டும். சும்மா ‘பேசில்லஸ் கலவை’ என்றிருந்தால் வேண்டாம், எல்லா சப்டிலிஸும் கிளாஸ்ட்ரிடியத்தை எதிர்க்காது. கிராமுக்கு எத்தனை சிஎஃப்யூ (வளரக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கை) என்பது இரண்டாவது. 100 கோடி உள்ள பொருளை டன்னுக்கு 500 கிராம் போட்டால், ஒரு கிராம் தீவனத்தில் 5 லட்சம். ஒரு லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. ‘கிலோவுக்கு இவ்வளவு’ என்று எழுதி எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் லேபிள்கள் உண்டு, ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றாவது, எண்ணியது வித்தா, உயிரணுவா? லேபுக்கு அனுப்பும்போது 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிவிட்டு எண்ணச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நிற்பதே வித்து. பையை மட்டும் அனுப்பாமல் அதே லோடின் பெல்லட்டையும் அனுப்பினால், மிக்சரில் சரியாகப் பரவியதா என்பதும் தெரிந்துவிடும்.

பேசில்லஸ் போட்டுக்கொண்டே பேசிட்ராசினையும் ‘ஒரு பாதுகாப்புக்கு’ விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். பேசில்லஸும் கிராம் பாசிட்டிவ் கிருமிதான். இனத்தைப் பொறுத்து, ஒரு கையால் போட்டதை மறு கையால் கொல்வதாக இது முடியலாம். அதேபோல நடுவில் சிகிச்சைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், முடிந்ததும் 3 நாள் தண்ணீர் வழியாகத் திரும்ப ஏற்ற வேண்டும்.

ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் மன்னான், அதாவது மோஸ், ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் குடலில் ஒட்டப் பயன்படுத்தும் கொக்கிகளைத் தன்மேல் ஒட்டவைத்து வெளியே இழுத்துப் போகும். ஆல்டெக் நிறுவனத்தின் பயோ-மோஸ் இந்த வகையில் பழைய பெயர். கொள்கை சரி. கொலிஸ்டின் போன இடத்துக்குப் பிரிஸ்டார்டரில் (முதல் நாட்களின் தீவனம்) டன்னுக்கு 1 கிலோ, அதோடு நிறுத்தலாம். பினிஷர் வரை இழுப்பது வீண் செலவு. ஒரு விஷயம் கவனியுங்கள்: பூஞ்சை நஞ்சைப் பிடித்துவைக்கும் பல டாக்சின் பைண்டர்களிலும் இதே ஈஸ்ட் சுவர் கலந்திருக்கிறது. ஒரே சரக்குக்கு இரண்டு பெயரில் காசு கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

மூலிகை எண்ணெய்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். கார்வக்ரால், தைமால், சின்னமால்டிஹைடு மூன்றுக்கும் கிருமியை அடக்கும் திறன் உண்மையிலேயே உண்டு. தைமால் நம் ஓமத்தில் இருப்பதுதான். ஆனால் எளிதில் ஆவியாகும். பூச்சில்லாத எண்ணெயை மேஷில் (தூள் தீவனத்தில்) கலந்து பெல்லட் மில்லுக்குள் விட்டால், மில் முழுக்க மணக்கும், கோழிக்கு மிஞ்சுவது குறைவு. பையைத் திறந்ததும் மூக்கைத் துளைத்தால் மகிழாதீர்கள், அது உள்ளே தங்கவில்லை என்பதற்கு அடையாளம். லேபிளில் கார்வக்ரால் இத்தனை சதவீதம் என்று எண் இருக்க வேண்டும். ‘அபூர்வ மூலிகைகளின் கலவை’ என்பது கவிதை, விவரம் அல்ல.

மஞ்சள், பூண்டு, மிளகை அரைத்துத் தீவனத்தில் போடும் பழக்கமும் உண்டு. மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம் என்றால், டன்னுக்கு 1 கிலோ மஞ்சள் போட்டால் வருவது 30 பிபிஎம். பசியைத் தூண்டும் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், ஏஜிபி வேலை நடக்காது. மலிவு மஞ்சள் தூளில் பூஞ்சை நஞ்சும் கலப்படச் சாயமும் வரும், அது வேறு தலைவலி.

மயில்துத்தம் டன்னுக்கு 500 கிராம் போட்டால் செம்பு 125 பிபிஎம். வேலை செய்கிறது, மலிவு, மறுக்கவில்லை. ஆனால் கோழி அதில் பெரும்பகுதியை எச்சமாகவே வெளியேற்றுகிறது. அந்த எரு தென்னந்தோப்புக்குத்தான் போகிறது, வருடா வருடம். ஐரோப்பாவில் கோழித் தீவனத்துக்கு மொத்தச் செம்பின் உச்சவரம்பு 25 பிபிஎம். அளவு கூடினால் இரைப்பை உள்தோல் அரிக்கும், பாஸ்பரஸை விடுவிக்கும் ஃபைட்டேஸ் என்சைமின் வேலையும் கெடும். எங்கள் பரிந்துரையில் இது இல்லை.

என்சைம்களை ஏஜிபி மாற்று என்று தனியாக விற்பது மிகை. ஆனால் ஃபைட்டேஸ் கிலோவுக்கு 500 யூனிட் போட்டு, டிசிபியையும் (டைகால்சியம் பாஸ்பேட்) சுண்ணாம்பையும் அதற்கேற்பக் குறைத்தால், மேலே சொன்ன ஆசிட்டை விழுங்கும் சக்தி குறைகிறது. புரதத்தைச் செரிக்க வைக்கும் புரோட்டியேஸும் மறைமுகமாக உதவும். செரிக்காமல் கீழே இறங்கும் புரதம்தான் கிளாஸ்ட்ரிடியத்தின் விருந்து. ஆகவே சோயா புண்ணாக்கின் கேஓஎச் கரைதிறன் (வேக்காடு சரியா என்று காட்டும் அளவு) 78-க்கும் 85 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு லோடிலும் பாருங்கள். வேகாத சோயாவோ கருகிய சோயாவோ வந்துவிட்டால் எந்தப் பையும் காப்பாற்றாது. கருவாட்டுத் தூள், இறைச்சி எலும்புத் தூள் கலந்த ஃபார்முலாவிலும் அப்படியே. புதிதாக அறுத்த மக்காச்சோளம் இறங்கும் வாரங்களில் எச்சம் இளகுவது தெரிந்ததே, அந்த வாரத்தில் ஏஜிபியை எடுத்துச் சோதிக்காதீர்கள்.

கலக்கும் விதம்: 500 கிராம் பொருளை நேராக மிக்சரில் கொட்டினால் பரவாது. 10 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் முதலில் கலந்து, பிறகு மிக்சரில் 4 நிமிடம். கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும், அது இருக்கும் பிரிமிக்ஸில் உயிருள்ள பொருளை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது.

இனி காசு. 2 கிலோ கோழி, எஃப்சிஆர் 1.6 என்றால் ஒரு கோழி தின்பது 3.2 கிலோ. ஒரு டன் தீவனம் 312 கோழிக்கு. எஃப்சிஆர் 0.03 குறைந்தால் கோழிக்கு 60 கிராம் மிச்சம். தீவனம் கிலோ ரூ.40 என்று வைத்தால் ரூ.2.40, டன்னுக்கு ஏறக்குறைய ரூ.750. அதாவது மூன்று புள்ளி (0.03) நிச்சயம் என்று தெரிந்தால், எல்லாப் பைகளும் சேர்ந்து டன்னுக்கு ரூ.750-ஐத் தாண்டக் கூடாது. ஆறேழு பொருளைச் சேர்த்து ‘காம்போ’ என்று விற்பவற்றில் பல இந்தக் கோட்டை எளிதாகத் தாண்டும். பேசில்லஸ் முழுக்க, பூச்சுப் பியூட்டிரேட் ஸ்டார்டரிலும் பாதி பினிஷரிலும், ஆசிட் தண்ணீரில் சில நாள் மட்டும் என்பது பெரும்பாலும் கோட்டுக்குள் நிற்கும்.

மூன்று புள்ளி வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன பேட்சோடு ஒப்பிடுவது பயனில்லை. குஞ்சு வந்த தாய்க்கோழி மந்தை, பருவம், சோளம் எல்லாம் மாறியிருக்கும், பொருளே மாற்றாமல் 5 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். ஒரே ஹேட்சரி, ஒரே நாள் குஞ்சு, ஒரே ஷெட்டை வலையால் எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றுக்கு மாற்றுத் தீவனம். காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஒரே தீவனத்துக்குப் போய்விடக் கூடாது. பிரதிநிதி ‘பக்கத்துப் பண்ணையில் 1.52 வந்தது’ என்று சொன்னால், எந்த வயதில், எந்த எடையில், ஏஜிபி போட்ட பகுதியில் எவ்வளவு என்று கேளுங்கள்.

21-ஆம் நாள் ஐந்து கோழியை அறுத்துப் பார்ப்பது எஃப்சிஆரை விட முன்னால் பேசும். நோயாளியாக ஒதுங்கி நிற்பதை அல்ல, நன்றாகத் தின்னும் கோழியை எடுக்க வேண்டும். நடுக்குடல் பலூன் போல ஊதி, ஆரஞ்சு நிறச் சளி இருந்தால் அது எய்மீரியா மேக்சிமா என்ற காக்சிடியா வகை. கிளாஸ்ட்ரிடியம் அதன் பின்னால்தான் வரும், முதலில் காக்சி மருந்தைக் கவனியுங்கள். உள்சுவர் துவாலை போலச் சொரசொரத்துப் பழுப்புப் படலம் ஒட்டியிருந்தால் நெக்ரோடிக் என்டரைட்டிஸ் வந்தேவிட்டது. அப்போது சேர்க்கைப் பையை இரட்டிப்பாக்கிப் பயனில்லை, கால்நடை மருத்துவரின் சீட்டோடு சிகிச்சை, கோழியைத் தூக்குவதற்கு முன் அந்த மருந்துக்குரிய விலக்கு நாட்கள். எச்சத்தில் சோளத் துணுக்கு அப்படியே தெரிந்தால் இரைப்பை வேலை செய்யவில்லை. அரவை மில்லின் சல்லடைத் துளையை 3 மில்லிமீட்டரிலிருந்து 5-க்கு மாற்றுவது, எந்தப் பையை விடவும் மலிவான மருந்து.

ஷெட் தரையில் பரப்பியிருக்கும் தேங்காய் மஞ்சியைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விட்டதும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், காக்சியின் முட்டைகள் பழுக்க அதுவே போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏஜிபியை நிறுத்தத் தொடங்கினால் இந்த ஒன்றுக்காகவே தோற்கும். தை, மாசியில் தொடங்குங்கள். முதல் இரண்டு பேட்ச் பினிஷரில் மட்டும் எடுத்து, மூன்றாவதில் ஸ்டார்டரிலும் எடுக்கலாம். பிரிஸ்டார்டர் கடைசியாக.